விண்வெளியில் பெண்கள்: பள்ளிக் கண்காட்சிப் பலகைகளில் "முதல் பெண்" என்று மட்டும் எழுதினால் போதுமா?

திருமங்கலம்_டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். 8, 9-ஆம் வகுப்புப் பிள்ளைகள் அறிவியல் கண்காட்சிக்கு "விண்வெளியில் பெண்கள்" தலைப்பை எடுத்திருக்காங்க. 6 அடிக்கு 3 அடியில் எட்டு ஃப்ளெக்ஸ் பலகை, கையால் தொட்டுப் பார்க்கிற மாதிரி ரெண்டு மாடல். பிள்ளைகளே எழுதின முதல் வரைவு இது:

1. வாலண்டினா தெரஷ்கோவா: விண்வெளிக்குப் போன முதல் பெண், 1963
2. சாலி ரைடு: முதல் அமெரிக்கப் பெண், 1983
3. ஸ்வெட்லானா சவீட்ஸ்கயா: விண்ணில் நடந்த முதல் பெண், 1984
4. கல்பனா சாவ்லா: முதல் இந்திய விண்வெளி வீராங்கனை, 1997
5. ஐலீன் காலின்ஸ்: ஷட்டில் விண்கலத்துக்குத் தலைமை ஏற்ற முதல் பெண், 1999
6. சுனிதா வில்லியம்ஸ்: விண்வெளியில் சிக்கித் தவித்த வீராங்கனை
7. இஸ்ரோ பெண்கள்: மங்கள்யான் வெற்றிப் படம்
8. இன்னும் முடிவாகலை

ஒவ்வொரு பெயருக்கும் கீழே நூறு சொல் வரை இடம் இருக்கு. எதைச் சேர்க்கணும், எதைத் திருத்தணும், எட்டாவதுக்கு யார்? மாடலுக்கும் யோசனை சொல்லுங்க.

ஆனைமலை

வணக்கம் டீச்சர். ஏழு பலகையில் அஞ்சு "முதல்"னு நிக்குது. படிக்கிற பிள்ளைக்கு ஒரு பெயரும் ஒரு வருஷமும் மட்டும்தான் மிஞ்சும். அந்தப் பெண் அங்கே போய் என்ன வேலை செஞ்சாங்க, எது கெட்டுப்போச்சு, எப்படிச் சமாளிச்சாங்க என்பதுதான் நூறு சொல்லையும் நிரப்பணும்.

தெரஷ்கோவாவையே எடுத்துக்குங்க. 1963 ஜூன் 16-ல் வோஸ்தோக்-6 கிளம்புது, 19-ஆம் தேதி தரையிறங்குது. 48 சுற்று, 70 மணி 50 நிமிஷம். மெர்க்குரி திட்டத்தில் அதுவரை பறந்த ஆறு அமெரிக்கர்களோட நேரத்தையும் கூட்டினாலும் இவங்க ஒருத்தரோட நேரத்துக்கு வராது. அப்போ வயசு 26. யாரோஸ்லாவ்ல் நகரத்து நெசவாலைத் தொழிலாளி, பொழுதுபோக்காகப் பாராசூட் குதிச்சவங்க. அந்தப் பாராசூட் பழக்கம் ஏன் முக்கியம்னு பலகையில் கட்டாயம் வரணும். வோஸ்தோக் கலத்துக்கு மெதுவாகத் தரையிறங்குற வசதி கிடையாது. அதனால சுமார் 7 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கையோடு வெளியே எறியப்பட்டு, பயணி தனிப் பாராசூட்டில் இறங்கணும். கலம் தனியா விழும். விமானம் ஓட்டத் தெரிஞ்சவரைவிட குதிக்கத் தெரிஞ்சவரைத் தேடினதுக்குக் காரணம் இதுதான்.

அடுத்தது திசைப் பிழை. பூமிக்குத் திரும்ப, கலம் போற திசைக்கு எதிராக எஞ்சினை எரிச்சு வேகத்தைக் குறைக்கணும். வோஸ்தோக்-6-ன் தானியங்கித் திசையமைப்பில் தப்பு இருந்துச்சு. அப்படியே எரிச்சிருந்தா கலம் இறங்குறதுக்குப் பதிலா இன்னும் மேலே ஏறியிருக்கும். அதைக் கவனிச்சுத் தரைக்குச் சொன்னது தெரஷ்கோவா. தரையிலிருந்து திருத்தின தரவு போச்சு. இந்த விஷயம் பல பத்தாண்டு வெளியே சொல்லப்படலை. அந்த மௌனத்தில் "பயணம் சரியில்லை, பெண்ணுக்கு ஒத்துவரலை"ங்கிற பேச்சு மட்டும் பரவிச்சு. வரலாற்றில் அவங்க இடம் என்னன்னு கேட்டா, பதில் இந்தப் பத்தியில் இருக்கு. இன்னைக்கு வரைக்கும் தன்னந்தனியா விண்வெளிப் பயணம் செஞ்ச ஒரே பெண்ணும் அவங்கதான்.

தெப்பக்குளம்

ஆனைமலை சார் சொல்றதில் பாதி ஒத்துக்கறேன். ஆனா "முதல்"ங்கிற சொல்லைத் தூக்கிட்டா பிள்ளைகளுக்கு வேற ஒண்ணு தெரியாமப் போயிடும். கதவு எந்த வருஷம் வரைக்கும் சாத்தியிருந்துச்சு, அதைச் சாத்தி வெச்ச விதி எது என்பது அந்தச் சொல்லில்தான் இருக்கு.

1963-க்கு அடுத்த பெண் எப்போ போனாங்க? 1982 ஆகஸ்ட், சவீட்ஸ்கயா. நடுவில் 19 வருஷம். தெரஷ்கோவாவோடு தேர்வான இன்னும் நாலு பேர், குஸ்னெட்சோவா, பொனமர்யோவா, சொலொவ்யோவா, யோர்கினா, பயிற்சி முடிச்சும் பறக்கலை. 1969-ல் அந்தக் குழுவையே கலைச்சாங்க.

அமெரிக்கப் பக்கம் 1960-61-ல் லவ்லேஸ் மருத்துவ நிலையத்தில், மெர்க்குரி வீரர்களுக்கு வெச்ச அதே உடல் சோதனையில் 13 பெண் விமானிகள் தேறினாங்க. இது நாசா திட்டம் இல்லை, தனியார் முயற்சி. பலகையில் "நாசா தேர்ந்தெடுத்த 13 பெண்கள்"னு போட்டா தப்பு. 1962 ஜூலையில் நாடாளுமன்றக் குழு முன்னாடி அந்த 13 பேரில் ஒருத்தரான ஜெர்ரி காப் வாதாடினாங்க. பதில் என்ன? ராணுவ ஜெட் சோதனை விமானியா இருக்கணும். அந்தச் சோதனை விமானிப் பள்ளியில் பெண்ணைச் சேர்க்கவே மாட்டாங்க. விதியில் "பெண் கூடாது"ன்னு ஒரு எழுத்துகூட இல்லை, ஆனா ஒரு பெண்ணும் உள்ளே வர முடியாது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இது புரியணும்.

ஷட்டில் (திரும்பத் திரும்பப் போய்வர்ற நாசா விண்கலம்) வந்தப்போதான் விமானி இல்லாத "மிஷன் ஸ்பெஷலிஸ்ட்" இடம் பிறந்துச்சு. 1978 ஜனவரியில் நாசா எடுத்த 35 பேரில் ஆறு பெண்கள்: சாலி ரைடு, ஜூடித் ரெஸ்னிக், கேத்ரின் சல்லிவன், அன்னா ஃபிஷர், ரியா செடான், ஷானன் லூசிட். அறிவியல், பொறியியல், மருத்துவம் படிச்சவங்க. எஞ்சினியரா, டாக்டரா வரலாம்னு ஆனதும் ஆறு பேர் ஒரே நேரத்தில் வந்துட்டாங்க. அதுவரைக்கும் தடையா இருந்தது பெண்களோட திறமை இல்லை.

என் யோசனை: பலகையின் மேல் ஓரத்தில் ஒரே ஒரு வரி, "அதுவரை இருந்த தடை". கீழே ஆனைமலை சார் சொல்ற வேலை விவரம்.

ஆனைமலை

அந்த மேல் வரி நல்ல யோசனை, டீச்சர் எடுத்துக்கலாம். ஆனா ஒரு பலகையில் "முதல்" ஒரு தடவைக்கு மேல வர வேண்டாம்னு நான் இன்னும் சொல்றேன்.

சவீட்ஸ்கயா பலகையில் "நடந்த"ன்னு மட்டும் விடாதீங்க. 1984 ஜூலை 25, சால்யூத்-7 நிலையத்துக்கு வெளியே 3 மணி 35 நிமிஷம். கூட ஜானிபெகோவ். கையில் யு.ஆர்.ஐ என்கிற எலக்ட்ரான் கற்றைக் கருவி, கீவ் நகரத்துப் பாட்டன் நிறுவனம் செஞ்சது. உலோகத்தை வெட்டினாங்க, வெல்டிங் வெச்சாங்க, சால்டர் பண்ணினாங்க, பூச்சும் அடிச்சாங்க. திறந்த விண்வெளியில் யாரும் அதுவரை வெல்டிங் செஞ்சதில்லை, ஆண் பெண் யாருமே. அந்தக் கற்றை கை தவறி உடுப்பு மேல பட்டா ஓட்டைதான். தடிச்ச கையுறையோட, பிடிமானம் இல்லாத இடத்தில், ரெண்டாவது பயணத்தில் இதைச் செஞ்ச பொறியாளர் அவங்க. வெல்டிங் பட்டறை இல்லாத ஊர் உங்க பக்கம் கிடையாது, பார்க்க வர்ற அப்பாமார்களுக்கு இந்தப் பலகை நல்லாவே புரியும்.

சாலி ரைடு: 1983 ஜூன் 18, சாலஞ்சர் ஷட்டில். ரோபோ கையால் ஸ்பாஸ் என்கிற துணைக்கோளை வெளியே விட்டு, திரும்பப் பிடிச்சு உள்ளே வெச்சாங்க. அதைவிடப் பெரிய விஷயம் அப்புறம் வருது. 1986 சாலஞ்சர் விபத்து விசாரணை, 2003 கொலம்பியா விபத்து விசாரணை, ரெண்டு குழுவிலும் இருந்த ஒரே ஆள் சாலி ரைடு. பலகை வரிசையில் அவங்களைக் கல்பனாவுக்குப் பக்கத்தில் வையுங்க, தொடர்பு தானா தெரியும்.

வில்லாபுரம்_வயர்மேன்

காலின்ஸ் பலகைக்கு நான் எழுதறேன் டீச்சர். வயரிங் தெரிஞ்சவங்களுக்கு அவங்க தலைமையில் போன எஸ்.டி.எஸ்-93 பயணம் மாதிரி ஒரு பாடம் கிடைக்காது.

1999 ஜூலை 23, கொலம்பியா ஷட்டில். உள்ளே சந்திரா எக்ஸ்ரே தொலைநோக்கி, நம்ம சுப்ரமணியன் சந்திரசேகர் பெயரை வெச்சது. அதையும் அதைத் தள்ளிவிடுற ராக்கெட்டையும் சேர்த்தா 22 டன்னுக்கு மேல.

தரையை விட்டு 5 வினாடி ஆகுறதுக்குள்ள மின்சாரத்தில் ஒரு ஷார்ட். ஒவ்வொரு எஞ்சினுக்கும் ரெண்டு கட்டுப்பாட்டுக் கணினி உண்டு. நடு எஞ்சினில் ஒண்ணு போச்சு, வலது எஞ்சினில் ஒண்ணு போச்சு. மிச்சம் இருந்த ஒத்தைக் கணினியில் அந்த ரெண்டு எஞ்சினும் ஓடிச்சு. அதில் இன்னொண்ணு போயிருந்தா அந்த எஞ்சின் நின்னிருக்கும்.

காரணம் என்னன்னா, சரக்கு அறையில் ஒரு ஸ்க்ரூவோட தலை பிசிறு தட்டி இருந்துச்சு. வயர் அது மேல உரசி உரசி இன்சுலேஷன் தேய்ஞ்சு, உள்ளே செம்பு தெரிய ஆரம்பிச்சிருச்சு. கிளம்புறப்போ அதிர்வில் அது உலோகத்தைத் தொட்டுருச்சு. வீட்டு வயரிங்கில் கிளாம்ப் ஸ்க்ரூவை அதிகமா முறுக்கினா நடக்கிறதும் இதேதான்.

அதோட விட்டுச்சா? வலது எஞ்சினுக்குள்ளே ஒரு ஆக்சிஜன் துளையை அடைச்சிருந்த தங்க முலாம் பூசின குட்டி ஆணி, ஒரு அங்குல நீளம்தான், கழண்டு பறந்து எஞ்சின் கூம்போட உள்பக்கத்தில் அடிச்சிருச்சு. கூம்பைக் குளிர்விக்கிற ஹைட்ரஜன் ஆயிரத்துச் சொச்சம் மெல்லிய குழாயில் ஓடும். அதில் மூணு உடைஞ்சு ஹைட்ரஜன் கசிஞ்சுச்சு. அழுத்தம் குறையுறதைப் பார்த்த கணினி ஈடுகட்ட ஆக்சிஜனை அதிகமா விட்டுச்சு. அதனால ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்து, எஞ்சின்கள் கொஞ்சம் முன்னாடியே நின்னு, வினாடிக்குச் சுமார் 5 மீட்டர் வேகம் குறைவா சுற்றுப்பாதைக்குப் போனாங்க. அந்த வித்தியாசத்தைச் சமாளிச்சு, சந்திராவை அதே நாள் வெளியே விட்டாங்க. திரும்பி வந்தப்புறம் எல்லா ஷட்டிலோட வயரிங்கையும் பிரிச்சுப் பார்த்துத்தான் அடுத்த பயணம்.

முதல் பெண் கமாண்டர் உட்கார்ந்திருந்த இருக்கைக்குக் கீழே இத்தனையும் நடந்துச்சு. எஞ்சின் கோளாறு வந்தா பாதியிலேயே திரும்பி இறங்குற பயிற்சியை விமானிகள் சிமுலேட்டரில் திரும்பத் திரும்ப எடுப்பாங்க, அது இந்த மாதிரி நாளுக்குத்தான்.

2005 ஜூலையில் கொலம்பியா விபத்துக்கு அப்புறம் போன முதல் ஷட்டிலுக்கும் கமாண்டர் காலின்ஸ்தான். சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சுமார் 180 மீட்டர் கீழே டிஸ்கவரி ஷட்டிலை நிறுத்தி, வினாடிக்கு முக்கால் டிகிரி வேகத்தில் ஒரு முழுக் குட்டிக்கரணம் போட வெச்சாங்க. 8 நிமிஷம். நிலையத்தில் இருந்தவங்க 400, 800 மில்லிமீட்டர் லென்ஸில் அடிப்பக்கத்தில் வெப்பம் தாங்குற ஓடுகளைப் படம் எடுத்து, சேதம் இருக்கான்னு பார்த்தாங்க. நடுவில் கொஞ்ச நேரம் ஓட்டுறவங்களுக்கு நிலையமே கண்ணுக்குத் தெரியாது. அந்தச் சுழற்சியை முதலில் செஞ்சு காட்டினது இவங்க. அப்புறம் நிலையத்துக்குப் போன ஒவ்வொரு ஷட்டிலும் அதைச் செஞ்சுச்சு.

திருமங்கலம்_டீச்சர்

வயர்மேன் சார், இதை அப்படியே நூறு சொல்லுக்குச் சுருக்கிப் போடறோம். ஸ்க்ரூ உரசின வயரை ஒரு துண்டு பலகையில் ஒட்டிக் காட்டலாம்னு பிள்ளைகள் சொல்றாங்க.

கல்பனா பலகையில் ரெண்டு சந்தேகம். "இந்தியப் பெண்"னு போடலாமா? விபத்தைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்றது? "அவ்வளவு லேசான நுரை எப்படி இறக்கையை உடைக்கும்"னு ஒரு பொண்ணு கேட்டுச்சு. நியாயமான கேள்வி.

ஆனைமலை

"இந்தியாவில் பிறந்து விண்வெளிக்குப் போன முதல் பெண்"னு போடுங்க. பறந்தப்போ அவங்க அமெரிக்கக் குடியுரிமை வாங்கியிருந்தாங்க. இந்தியக் குடிமக்களில் முதலில் போனது ராகேஷ் சர்மா, 1984. பிறந்த தேதி 1962 மார்ச் 17, சான்றிதழில் 1961 ஜூலை 1. நடுவர் யாராவது கேட்டா பிள்ளைகளுக்கு ரெண்டும் தெரிஞ்சிருக்கணும்.

படிப்பையும் முழுசாப் போடுங்க. கர்னாலில் பள்ளி, சண்டிகர் பஞ்சாப் பொறியியல் கல்லூரியில் ஏரோநாட்டிக்கல், டெக்சஸில் முதுகலை, கொலராடோவில் 1988-ல் முனைவர் பட்டம். கனவு கண்டார், போனார்னு ஒரே வரியில் முடிச்சா நடுவில் இருக்கிற பத்து வருஷக் கணக்கும் காற்றியக்கவியலும் காணாமப் போயிடும்.

1997 பயணத்தில் ஸ்பார்ட்டன் சம்பவம். சூரியனை ஆராயுற அந்தத் துணைக்கோளை ரோபோ கையால் கல்பனா விட்டாங்க. விட்டதும் அது செய்ய வேண்டிய சுழற்சியைச் செய்யலை. திரும்பப் பிடிக்கப் போனப்போ பட்டு, மெல்லச் சுழல ஆரம்பிச்சுச்சு. மூணு நாள் கழிச்சு வின்ஸ்டன் ஸ்காட்டும் தக்காவோ தோயியும் வெளியே போய்க் கையாலேயே பிடிச்சாங்க. "கல்பனா செஞ்ச தவறு"ன்னு இன்னும் சிலர் எழுதறாங்க. விசாரணை மென்பொருள் இடைமுகத்தையும், குழுவுக்கும் தரைக்கும் வகுத்திருந்த நடைமுறையையும் சேர்த்துத்தான் குறை சொல்லுச்சு. அவங்களை மறுபடி 2003 பயணத்துக்கு ஃப்ளைட் எஞ்சினியரா எடுத்ததே போதுமான பதில்.

இப்போ நுரை. கிளம்பி சுமார் 82-ஆவது வினாடி. கொலம்பியா 20 கிலோமீட்டர் உயரத்தில் வினாடிக்குக் கிட்டத்தட்ட 700 மீட்டர் வேகத்தில் ஏறுது. எரிபொருள் தொட்டியிலிருந்து முக்கால் கிலோ நுரைத் துண்டு கழண்டுச்சு. லேசா இருந்ததுதான் இங்கே ஆபத்து. கனமான பொருளா இருந்தா கொஞ்ச தூரம் கூடவே வந்திருக்கும். லேசான நுரையைக் காற்று உடனே பிடிச்சு நிறுத்தப் பார்க்குது, ஷட்டிலோ அதே வேகத்தில் வந்து அது மேல மோதுது. மோதின வேக வித்தியாசம் வினாடிக்குச் சுமார் 240 மீட்டர். பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லுங்க: அரை × 0.75 × 240 × 240 = 21,600 ஜூல். ஒரு கிலோ கல்லை 2,200 மீட்டர் உயரத்திலிருந்து, காற்றுத்தடை இல்லாமப் போட்டா வர்ற ஆற்றல் அது. பின்னாடி விசாரணைக் குழு அதே மாதிரி நுரையை அந்த வேகத்தில் சுட்டுப் பார்த்தப்போ, இடது இறக்கை முன்விளிம்பின் 8-ஆம் கார்பன் பலகையில் 40 சென்டிமீட்டர் ஓட்டை விழுந்துச்சு.

ஏறும்போது அந்த ஓட்டையால் ஒண்ணும் ஆகலை. 16 நாள் வேலையும் நடந்துச்சு. இறங்கும்போது விளிம்பைத் தாக்குற 1,500 டிகிரிக்கு மேலான வெப்பம் ஓட்டை வழியா உள்ளே போய், அலுமினியச் சட்டத்தை உருக்கிடுச்சு. 2003 பிப்ரவரி 1, தரையிறங்க 16 நிமிஷம் இருந்தப்போ ஏழு பேரும் போயிட்டாங்க. கூடவே இருந்த மருத்துவர் லாரல் கிளார்க் பெயரும் பலகையில் இருக்கட்டும்.

இன்னொரு வரி விடாமப் போடணும். பயணம் நடக்கிறப்போவே பொறியாளர்கள் இறக்கையைப் படம் எடுத்துத் தரச் சொல்லி மூணு தடவை கேட்டாங்க, மேலே இருந்தவங்க எடுக்கலை. கேள்வி கேட்டவனை உட்கார வெச்சா என்ன ஆகும் என்பதுக்கு இதைவிட ஆதாரம் வேண்டாம்.

சுங்குடிக்காரி

எட்டாவது பலகைக்கு மேலே போகாத பெண்களை வையுங்க டீச்சர். மாடலும் அதிலேயே கிடைக்கும்.

நிலாவுக்குப் போன அப்பல்லோ கலத்துக் கணினியில் நிரல் ஹார்ட் டிஸ்கில் இல்லை. கயிறாகக் கோத்துத்தான் இருந்துச்சு. சின்னக் காந்த வளையத்துக்கு உள்ளே கம்பி போனா 1, வெளியே போனா 0. வால்தம் ஊர் ரேதியான் தொழிற்சாலையில் பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்து, ஊசியைக் கைமாற்றிக் கோத்தாங்க. எந்தத் துளை வழியா ஊசி போகணும்னு துளையிட்ட காகித நாடா படிக்கிற இயந்திரம் நிறுத்திக் காட்டும், கோக்கிறது கை. ஒரு மாட்யூலில் 512 வளையம், ஒவ்வொரு வளையத்துக்கும் 12 சொல், அப்படி ஆறு மாட்யூல். பெருக்கிப் பாருங்க: 36,864 சொல். ஒரு மாட்யூலுக்குச் சுமார் 8 வாரம் பிடிச்சுச்சு. கோத்து முடிச்சப்புறம் நிரலில் தப்பு கண்டுபிடிச்சா மாத்துறது பெரும்பாடு, அதனால மென்பொருளை முன்கூட்டியே சுத்தமா முடிக்க வேண்டிய கட்டாயம்.

நம்ம சுங்குடியிலும் இதேதான். முடிச்சுப் போட்ட இடத்தில் சாயம் ஏறாது, வெள்ளைப் புள்ளி. முடிச்சு இல்லாத இடம் நிறம். சேலை முழுக்க ஆம், இல்லை ரெண்டே பதில்.

அந்த மென்பொருள் குழுவை நடத்தினது மார்கரெட் ஹாமில்டன். "தனியா எழுதினார்"னு போடாதீங்க, தன் உயரத்துக்குத் தாளை அடுக்கி நிக்கிற படம் ஒரு குழுவோட உழைப்பு. 1969 ஜூலை 20-ல் நிலாவில் தரையிறங்குறப்போ 1202 எச்சரிக்கை வந்துச்சு. ரேடார் மின்னிணைப்பில் இருந்த பொருந்தாமை கணினி நேரத்தைத் தின்னுச்சு. கணினி முக்கியமில்லாத வேலையை விட்டுட்டு, தரையிறங்குற வேலையை மட்டும் வெச்சுக்கிட்டு மறுபடி கிளம்பிச்சு. அப்படி எழுதியிருந்ததால்தான் இறங்க முடிஞ்சது.

மாடல் செய்யுற விதம்:

4 அடிக்கு 1 அடி பிளைவுட். 12 பிளாஸ்டிக் வளையல், மதுரை விளக்குத்தூண் பக்கம் டஜனாகவே கிடைக்கும். கண்ணாடி வேண்டாம். வளையலை 4 அங்குல இடைவெளியில் நெட்டுக்குத்தலா எம்-சீல் வெச்சு ஒட்டுங்க, ஒரு ராத்திரி காயணும். தெர்மாகோலில் குத்தி வெச்சா பிள்ளைகள் நூலை இழுத்ததும் பிடுங்கிக்கிட்டு வந்துரும். இடமிருந்து வலமா 1024, 512, 256, 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்று எழுதுங்க. பன்னிரண்டாவது வளையலில் "சரிபார்ப்பு".

நாலு நிறக் கம்பளி நூல், ஒவ்வொண்ணும் 6 அடி, நுனி மழுக்கின கோணி ஊசி. ஒரு நூல் ஒரு வருஷம்:

தெரஷ்கோவா 1963: 1 1 1 1 0 1 0 1 0 1 1, சரிபார்ப்பு 1
சவீட்ஸ்கயா 1984: 1 1 1 1 1 0 0 0 0 0 0, சரிபார்ப்பு 0
காலின்ஸ் 1999: 1 1 1 1 1 0 0 1 1 1 1, சரிபார்ப்பு 0
கல்பனா 2003: 1 1 1 1 1 0 1 0 0 1 1, சரிபார்ப்பு 1

மொத்தம் உள்ளே போன எண்ணிக்கை எப்பவும் ஒற்றைப்படையா வரணும், சரிபார்ப்பு வளையல் அதுக்குத்தான். அப்பல்லோ கணினியிலும் ஒவ்வொரு சொல்லுக்கும் 15 இலக்கத்தோட இப்படி ஒண்ணு கூட இருந்துச்சு. 2003-ல் 16-னு எழுதின வளையலை விட்டுட்டா 1987 ஆயிடும், ஆனா எண்ணிக்கை 8, இரட்டைப்படை, தப்பு மாட்டிக்கும். 16, 2 ரெண்டையும் விட்டா 1985. எண்ணிக்கை 7, ஒற்றைப்படை, தப்பு தப்பிச்சிரும். இதைப் பார்வையாளர் கையாலேயே செஞ்சு பார்க்க விடுங்க.

வழக்கமா வர்ற சிக்கல் ஒண்ணு: 0 வர்ற இடத்தில் நூலை ஒரு தடவை வளையலுக்கு முன்னாடி, ஒரு தடவை பின்னாடி விடுவாங்க. எப்பவும் பின்னாடிதான்னு முடிவு பண்ணிக்கணும், இல்லைன்னா படிக்கிறவங்களுக்குக் குழம்பும்.

இடம் இருந்தா கேத்ரின் ஜான்சனும் வரட்டும். 1962-ல் அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் கிளென் சுற்றுப்பாதைக்குப் போறதுக்கு முன்னாடி, கணினி போட்ட கணக்கை அவங்க கையால் சரிபார்க்கணும்னு கேட்டார். ஒன்றரை நாள் பிடிச்சுச்சு.

செங்கோட்டை_பாசஞ்சர்

இஸ்ரோ பலகைக்கு அந்தச் சேலைப் படம் வேண்டாங்க. 2014 செப்டம்பர் 24 மங்கள்யான் அன்னைக்குப் பரவின படத்தில் இருக்கிறவங்க நிர்வாகப் பிரிவு ஊழியர்கள்னு இஸ்ரோவே விளக்கம் கொடுத்துச்சு. அவங்க மகிழ்ச்சியும் நியாயமானதுதான், ஆனா "விஞ்ஞானிகள்"னு தலைப்புப் போட்டா பொய்யாயிடும். மங்கள்யானில் துணை இயக்குநர்களா இருந்த நந்தினி ஹரிநாத், ரிது கரிதால் பெயரைப் போடுங்க. செய்தி அங்கே போய்ச் சேரவே 12 நிமிஷம். எஞ்சின் எரியுற நேரத்தில் கலம் செவ்வாய்க்குப் பின்னாடி மறையும். அதனால கட்டளை எல்லாத்தையும் முன்கூட்டியே ஏத்தி வெச்சு, கலம் தானே முடிவெடுக்கணும். 300 நாளா தூங்கின 440 நியூட்டன் எஞ்சினை ரெண்டு நாள் முன்னாடி 4 வினாடி மட்டும் எரிச்சுப் பார்த்துட்டுத்தான் 24 நிமிஷம் எரிச்சாங்க.

நம்ம பக்கத்துப் பெயர்கள்: அரியலூர் வளர்மதி, ரிசாட்-1 திட்ட இயக்குநர். ரிசாட்-1 மேகத்தை ஊடுருவிப் பார்க்கிற ரேடார் துணைக்கோள், ஏவினது 2012 ஏப்ரல் 26. தமிழக அரசின் அப்துல் கலாம் விருதை முதலில் வாங்கினவங்க. சென்னை முத்தையா வனிதா, சந்திரயான்-2 திட்ட இயக்குநர். செங்கோட்டை நிகர் ஷாஜி, சூரியனை ஆராயுற ஆதித்யா-எல்1 கலத்தின் திட்ட இயக்குநர். நெல்லை அரசு பொறியியல் கல்லூரியில் படிச்சவங்க. அப்போ அந்தக் கல்லூரி மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தோட இணைப்பில் இருந்துச்சு. 1987-ல் இஸ்ரோவில் சேர்ந்தாங்க. 2023 செப்டம்பர் 2-ல் கிளம்பின ஆதித்யா 2024 ஜனவரி 6-ல் இடம் சேர்ந்துச்சு.

ரெண்டாவது மாடல் இதுவே ஆகட்டும். பள்ளி மைதானத்தில் 100 மீட்டர் ஓடுபாதை இருக்கும். ஒரு முனையில் 93 சென்டிமீட்டர் விட்டத்தில் மஞ்சள் துணி வட்டம், அது சூரியன். இன்னொரு முனையில் 8 மில்லிமீட்டர் மணி, அது பூமி. நிலா பூமியிலிருந்து 26 சென்டிமீட்டர். ஆதித்யா எங்கேன்னு கேளுங்க. எல்லாரும் ஐம்பதாவது மீட்டருக்கு ஓடுவாங்க. உண்மையில் பூமியிலிருந்து ஒரே ஒரு மீட்டர்தான், 15 லட்சம் கிலோமீட்டர்.

ஏன் அங்கே? சூரியனுக்குக் கிட்டப் போற எதுவும் பூமியைவிட வேகமாச் சுத்தி முன்னாடி போயிடும். அந்த ஒரு இடத்தில் பூமி பின்னாடி இழுக்கிற இழுப்பு சரியான அளவில் இருக்கிறதால, கலமும் பூமி மாதிரியே வருஷத்துக்கு ஒரு சுற்று. அங்கிருந்து பார்த்தா சூரியனை எதுவும் மறைக்காது. நேர்கோட்டுப் புள்ளியிலேயே நிறுத்தினா பூமியில் இருக்கிற ஆன்டெனா பார்க்கிறப்போ கலத்துக்குப் பின்னாலேயே சூரியன் இருந்து, அதோட இரைச்சல் சிக்னலை அமுக்கிடும். அதான் புள்ளியைச் சுத்தி ஒரு வளையப் பாதை.

தெப்பக்குளம்

சுனிதா பலகையில் "சிக்கித் தவித்த" வேண்டவே வேண்டாம் டீச்சர். 2024 ஜூன் 5 கிளம்பினாங்க, எட்டு நாள்னு திட்டம். விண்வெளி நிலையத்தை நெருங்குறப்போ, அவங்க போன போயிங் கலம் ஸ்டார்லைனரின் 28 சிறு உந்திகளில் அஞ்சு நின்னுச்சு, நாலை மீட்டாங்க. ஹீலியமும் கசிஞ்சுச்சு. உந்திகள் அடைஞ்சு கிடந்த பெட்டிக்குள்ள சூடு ஏறி, டெஃப்லான் சீல் உப்பி, எரிபொருளோட சேர வேண்டிய ஆக்சிகரணிக்கு வழி குறுகிட்டதா தரைச் சோதனையில் தெரிஞ்சுச்சு. கலத்தைச் செப்டம்பரில் காலியா இறக்கினாங்க. இவங்க 2025 மார்ச் 18-ல் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தோட டிராகன் கலத்தில் வந்தாங்க, நம்ம நேரத்துக்கு 19 விடிகாலை. 286 நாள்.

அந்த 286 நாளில் நிலையத்துக்கே கமாண்டரா இருந்தாங்க, ரெண்டு தடவை வெளியே போய் வேலை செஞ்சாங்க. மூணு பயணத்திலும் சேர்த்து ஒன்பது விண்நடை, 62 மணி 6 நிமிஷம். தவிச்சது எங்கே?

பக்கத்தில் சின்னப் பெட்டியா ஒரு தடை விவரம்: 2019 மார்ச்சில் ரெண்டு பெண்கள் சேர்ந்து விண்நடை போக இருந்தது நின்னுச்சு. நடுத்தர அளவு மேல்சட்டை ஒண்ணுதான் உடனே தயாரா இருந்துச்சு. அக்டோபர் 18-ல் கிறிஸ்டினா கோச்சும் ஜெசிகா மெயரும் போய், கெட்டுப்போன பேட்டரி சார்ஜ் கட்டுப்பாட்டுப் பெட்டியை மாத்தினாங்க, 7 மணி 17 நிமிஷம். விதி மாறினதுக்கு அப்புறமும் சட்டை அளவு தடுத்துச்சு.

விளாச்சேரி

எழுத்து விஷயம் முடிஞ்சுச்சுன்னா அச்சு விஷயம் கேளுங்க டீச்சர். ஃப்ளெக்ஸ் கடையில் இன்னும் பாமினி எழுத்துருதான் ஓடுது. நீங்க யூனிகோடில் அனுப்பினதை மாத்துறப்போ "கொ", "ஸ்ரீ", "க்ஷ" எல்லாம் சிதறும், "சவீட்ஸ்கயா" மாதிரிப் பெயரில் புள்ளியே காணாமப் போகும். வேர்ட் ஃபைலா கொடுக்காதீங்க. 7200-க்கு 3600 பிக்சல் படமா, இல்லை எழுத்தை அவுட்லைன் ஆக்கின பி.டி.எஃப்-ஆகக் கொடுங்க. 6 அடிக்கு 3 அடிக்கு அந்த அளவு தாராளம்.

ஆறடி தள்ளி நின்னு படிக்க எழுத்து உயரம் முக்கால் அங்குலமாவது வேணும். ரொம்பத் தடிச்ச எழுத்துரு வேண்டாம், "ண", "ணை", "னை" சுழி அடைஞ்சு கறையா நிக்கும். கறுப்பு வானப் பின்னணியில் வெள்ளை எழுத்துன்னு பிள்ளைகள் கேட்பாங்க. ஃப்ளெக்ஸ் பளபளப்பில் டியூப்லைட் அடிச்சுப் படிக்கவே முடியாது. வெளிர் பின்னணி, கறுப்பு எழுத்து, ஓரத்தில் மட்டும் படம். நாசா படங்கள் பெரும்பாலும் தடையில்லாமப் பயன்படுத்தலாம், கீழே பெயர் போடுங்க. இஸ்ரோ படத்துக்கும் அப்படியே.

திருமங்கலம்_டீச்சர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பலகை வரிசை இப்படி வெச்சிருக்கோம்: தெரஷ்கோவா, தடை பெட்டியோட 1978 குழு, சவீட்ஸ்கயா, கயிறு கோத்த பெண்களும் ஹாமில்டனும் ஜான்சனும், காலின்ஸ், சாலி ரைடும் கல்பனாவும் அடுத்தடுத்து ஒரே பலகையில், இஸ்ரோ, சுனிதா. வளையல் ஒட்டக் கொடுத்தாச்சு. மைதான மாடலுக்குக் காத்து அடிச்சா துணி வட்டம் பறக்கும்னு பி.டி. சார் சொல்றார், என்ன பண்ணலாம்?

விளாச்சேரி

வட்டத்தைத் துணியில் போடாம ஒரு ரிங்கில் கட்டுங்க. 93 சென்டிமீட்டர் விட்டத்துக்குச் சுற்றளவு 292 சென்டிமீட்டர், அதாவது 9 அடி 7 அங்குலம். அரை அங்குல பி.வி.சி பைப்பை அந்த நீளம் வெட்டி, வளைச்சு, கப்ளிங் போட்டு மூடி, துணியை நாலு அங்குலத்துக்கு ஒரு தையல் போட்டுக் கட்டுங்க. நடுவில் ஆறேழு இடத்தில் கையகல ஓட்டை வெட்டிடுங்க, காத்து அது வழியாப் போயிடும். ரெண்டு மூங்கில் குச்சி, ஒண்ணரை அடி ஆழம் நடணும். பூமி மணியைத் தரையில் வைக்காதீங்க, மிதிச்சிடுவாங்க. இடுப்பு உயரக் குச்சி நுனியில் ஒட்டி, அதிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஆதித்யாவுக்கு இன்னொரு குச்சி.

செங்கோட்டை_பாசஞ்சர்

ஆதித்யா குச்சி சூரியன் இருக்கிற பக்கம் வரணும் டீச்சர். ரெண்டு குச்சிக்கும் நடுவில் ஒரு மீட்டர் நூலைக் கட்டி, 26 சென்டிமீட்டரில் ஒரு வெள்ளை மணியைக் கோத்துட்டா நிலாவும் ஆச்சு. நிலா பூமியைச் சுத்துறதால அது எப்பவும் அந்தக் கோட்டிலேயே நிக்காதுன்னு விளக்குற பிள்ளை சொல்லணும், நடுவர் கேட்பார்.